முதுகு ஒட்டிய மத்தியானம்

அண்ணியை முன்னறையில், ஜன்னல் பக்கம் தலை வைத்துக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் மகள், பட்டறையிலிருந்து எடுத்து வந்த குட்டை முக்காலியில். கால்மாட்டில் அண்ணன், ஒரு கை உடைந்த நாற்காலியில். மறந்துபோய் உடைந்த பக்கம் சாய்ந்துவிடக் கூடாதே என்று மறுபக்கமாகவே ஒருக்களித்து உட்கார்ந்திருந்தார். சுவரோர பெஞ்சில் அண்ணியின் தமையனார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பரீட்சை அறையில் மேற்பார்வைக்கு வந்தவர் போல முதுகு வளையாமல். அதே பெஞ்சின் மறுகோடியில் பக்கத்து வீட்டுத் தையல்காரி, அழுகையில் பாதி, தூக்கத்தில் பாதி. மரக்கடைக்காரர் மட்டும் உட்காரவில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் வாசல் நிலையில் சாய்ந்து நின்று, அது என்ன மரம் என்று விரலால் தட்டிப் பார்ப்பது அவர் பழக்கம். இங்கும் தட்டினார். தட்டிய பிறகுதான் எதற்கு வந்திருக்கிறோம் என்பது நினைவு வந்து கையை இழுத்துக்கொண்டார்.

இதையெல்லாம் தேநீர்த் தட்டோடு நடுவில் நின்று வரிசையாகக் கவனித்தவள் அண்ணனின் தங்கை. வீட்டில் அவளுக்குப் பெயர் தபால். அண்ணி வைத்த பெயர் அது. அண்ணி கையால் யுகுலேலே செய்வார். கேட்டு எழுதுகிறவர்களுக்குப் பதில் எழுதுவது தபாலின் வேலை. நாலு தந்தி, மடியில் வைத்தால் குழந்தை போலிருக்கும் அந்த வாத்தியத்துக்காக எங்கெங்கிருந்தோ கடிதம் வரும். ஒரு வரிகூடக் கோணாமல் தபால் பதில் எழுதுவாள், அண்ணி அடியில் கோழி கிளறியது போல ஒரு கையெழுத்துப் போடுவார். யாராவது பதிலில் "தங்கள் எழுத்து முத்து முத்தாக உள்ளது" என்று எழுதிவிட்டால் அன்றைக்கு முழுக்க அண்ணியைப் பிடிக்க முடியாது.

"என் எழுத்தைப் பாராட்டியிருக்காங்க பாத்தியா?"

"அது என் எழுத்து அண்ணி."

"எழுதினது நீ. எழுத வச்சது யாரு?"

நேற்று மத்தியானம் பட்டறையில் ஒரு யுகுலேலேயின் முதுகுப் பலகைக்கு, அது வளையாமல் தாங்கும் விலாக் குச்சிகளை ஒட்டி முடித்து, கை கழுவிக்கொண்டு வந்து, "கொஞ்சம் கண்ணை மூடிக்கிறேன், யாரும் எழுப்பாதீங்க" என்று படுத்தார். யாரும் எழுப்பவில்லை. இருதயம் மோசம் என்று டாக்டர் சொல்லி வெகுநாள் ஆகிறது. "அவர் சொல்றதைச் சொல்லட்டும், எனக்கு ஆர்டர் நிறைய இருக்கு" என்று அண்ணியும் சொல்லி அதே அளவு நாள் ஆகிறது.

அண்ணியை எடுத்துப்போகச் சாயங்காலம் வண்டி வரும். அதுவரை காத்திருப்பதைத் தவிர யாருக்கும் வேலை இல்லை. தபால் காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு பின்பக்கம் போகும்போது ஜன்னல் வழியாகக் காற்று மாறியது. மண் வாசனை வந்தது. மழை.

பழக்க தோஷம், உடனே பட்டறை ஜன்னலைச் சாத்த ஓடினாள். சாத்திவிட்டுத் திரும்பியவள் அப்படியே நின்றாள்.

விலாக் குச்சி ஒட்டிய பலகையை அண்ணி ஒரு அலமாரித் தட்டுக்குள் வைத்திருப்பார். மேல்தட்டுக்கும் பலகைக்கும் நடுவே மூங்கில் குச்சிகளை வளைத்துச் செருகியிருப்பார்; நிமிரப் பார்க்கும் மூங்கில் ஒவ்வொன்றும் கீழே இருக்கிற விலாவை அழுத்திப் பிடித்திருக்கும். அந்தக் குச்சிகளில் ஒன்றைக்கூடக் காணோம். எல்லாம் மூலையில் கயிறு போட்டு அழகாகக் கட்டி வைக்கப்பட்டிருந்தன. பலகை வெறுமனே தட்டில் கிடந்தது. அப்பளத்தைவிடக் கொஞ்சம் கனமான பலகை. அதன் ஒரு ஓரம் ஏற்கெனவே லேசாகத் தூக்கியிருந்தது.

தபால் முன்னறைக்கு வந்தாள். "பட்டறையில குச்சியெல்லாம் யார் எடுத்தது?"

"நான்தான்" என்றார் தலைமையாசிரியர். "காலையில நாற்காலி எடுக்கப் போனேன். குறுக்கும் நெடுக்குமா நின்னுது. ஒழுங்குபடுத்தி வச்சேன்."

மகள் முக்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள். "ஐயோ மாமா!"

"என்ன ஐயோ மாமா? ஒரு இடம்னா சுத்தமா இருக்க வேண்டாமா?"

மரக்கடைக்காரர் வாசலிலிருந்து வானத்தை எட்டிப் பார்த்தார். அந்த முதுகுப் பலகை அவர் கொடுத்தது. அலை அலையாக ரேகை ஓடும் மாமரத் துண்டு. வேறு யார் கேட்டும் கொடுக்காமல் அண்ணிக்கென்று மூன்று மழைக்காலம் காய வைத்திருந்தார். "ஈரம் ஏறிட்டா அவ்வளவுதாம்மா" என்றார். "விலா ஒட்டின பலகையை ஒரு நாள் தாண்டி வெளிய வைக்கக் கூடாதுன்னு அவங்களே சொல்வாங்க. முறுக்கிக்கும். அப்புறம் பெட்டியில உட்காராது. அடுப்புக்குத்தான்."

"இன்னைக்கே மூடிடணும்" என்றாள் தபால்.

தையல்காரி தலையை மட்டும் நிமிர்த்தினாள்.

"எதை மூடணும்?" என்றார் தலைமையாசிரியர்.

"பெட்டியை. முதுகு ஒட்டணும். வண்டி வர்றதுக்குள்ள."

"உனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு? இங்க ஒருத்தி இப்படிக் கிடக்கா, பக்கத்து ரூம்ல உட்கார்ந்து பசை காய்ச்சுவியா? நாலு பேரு என்ன நினைப்பாங்க?"

"நாலு பேரும் இங்கதான் இருக்கோம்" என்றாள் தையல்காரி, கண்ணைத் திறக்காமல். "நான் ஒண்ணும் நினைக்கல."

தபாலுக்குக் குரல் கீச்சென்று ஏறியது. சண்டை போடும்போது அவளுக்கு எப்போதும் அப்படித்தான். "இந்த வாரக் கடைசிக்குள்ள பெட்டி மூடியிருக்கும்னு போன கடிதத்துல எழுதிட்டேன். ஸ்கூல் வேன் ஓட்டுற அம்மா அது. கேட்ல பிள்ளைங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்கிற நேரத்துல வாசிக்கணும்னு ஆசைப்பட்டுக் கேட்டாங்க. ஸ்டியரிங்குக்கும் வயித்துக்கும் நடுவுல இடிக்காத அளவா வேணும்னு அளந்து அனுப்பினாங்க. அண்ணி செய்யறதுல இதுதான் கடைசி. இதைப் போய் அடுப்புல வைக்கச் சொல்றீங்களா?"

எல்லாரும் அண்ணனைப் பார்த்தார்கள். அண்ணனுக்கும் பட்டறைக்கும் இருந்த தொடர்பு ஒன்றே ஒன்று. வஜ்ஜிரப் பசையை அண்ணி பிரிட்ஜில் பழைய ஜாம் பாட்டிலில் ஊற வைத்திருப்பார். அதை ஒரு தடவை அண்ணன் ரொட்டியில் தடவித் தின்றுவிட்டார். மாட்டுத் தோலிலிருந்து எடுக்கிற பசை என்று தெரிந்தபோது, "அதான் கொஞ்சம் உப்புக் கம்மியா இருந்தது" என்றார். அதற்குப் பிறகு பட்டறைக்குள் அவருக்கு அனுமதி இல்லை.

அண்ணன் தடித்த கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டார்.

"நான் என்ன பிடிக்கணும்?" என்றார்.

தையல்காரி அண்ணிக்குத் துணையாக இருந்துகொண்டாள். "நடுக்கதவை மட்டும் சாத்தாதீங்க, அவங்களுக்கும் காதுல விழட்டும்" என்றாள். மற்ற எல்லாரும் பட்டறைக்குள் நுழைந்தார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. ஒரு சுவர் முழுக்க உளிகள். இன்னொரு சுவரில், பக்கப் பட்டைகளை வளைக்கும் சூட்டுக் குழாய். கூரையிலிருந்து தொங்கும் கழுத்துகள், இன்னும் உடம்பு கிடைக்காதவை. துணி காயப்போடும் கிளிப் ஒன்றுகூட இந்த வீட்டுக் கொடியில் இருக்காது. அத்தனையும் இங்கே, பக்கப் பட்டைகளின் உள்விளிம்பைக் கவ்விக்கொண்டு நிற்கும். "உங்க வீட்டுத் துணி மட்டும் எப்பவும் எங்க மாடியில வந்து விழுது" என்று தையல்காரி வருஷக்கணக்காகப் புகார் சொல்கிறாள்.

மேஜை மேல், மர அச்சுக்குள், வேன்காரம்மாவின் யுகுலேலே முகம் குப்புறப் படுத்திருந்தது. முகப் பலகை தேவதாரு, பக்கம் மகோகனி. முதுகு மட்டும் இல்லை. மூடி போடாத டப்பா போலத் திறந்து கிடந்தது.

மகள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். அவளுக்குத் தொழில் பல் செட்டு செய்வது. மெழுகு, சூடு, சின்ன அரம் எல்லாம் கைக்குப் பழக்கம். முதுகு ஒட்டியதில்லை, அம்மா ஒட்டப் பார்த்திருக்கிறாள். ஜாம் பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி, விரலை விட்டுப் பார்த்து, சூட்டைக் குறைத்து, மறுபடி விரலை விட்டுப் பார்த்தாள். ஈரத் தோல் வாசனை எழுந்தது.

"எல்லாரும் கேட்டுக்கங்க. இந்தப் பசை ஆறினா ஜெல்லி. தடவி ஒரு நிமிஷத்துல பலகை உட்காரணும், உட்கார்ந்த உடனே சுத்தி வர எல்லா கிளாம்பும் ஏறணும். நடுவுல யாரும் பேசக் கூடாது. அத்தை, நீங்க ஹேர் டிரையரால பலகையைச் சூடாக்கிக்கிட்டே இருங்க. மாமா, நீங்களும் அண்ணாச்சியும் கிளாம்ப். அப்பா, லைட்டு."

கிளாம்ப் என்பது அண்ணியே செய்தது: நீண்ட போல்ட் ஒன்று, அதில் நூல்கண்டுக் கட்டை போல இரண்டு மர வட்டுகள், மேலே திருக காது வைத்த நட்டு. ஒரு வாத்தியத்தைச் சுற்றி மாலை போல நிற்கும். தலைமையாசிரியர் ஒன்றை எடுத்துத் திருகிப் பார்த்தார். "இது எந்தப் பக்கம் திருகினா இறுகும்?"

"பள்ளிக்கூடத்துல சொல்லித் தரலையா?" என்றார் மரக்கடைக்காரர்.

"நான் வரலாறு."

"பேசாதீங்கன்னு சொன்னேன்ல!" என்றாள் மகள். "பசை தொடறேன்."

தூரிகை ஓடியது. தபால் டிரையரின் சூடு கையைச் சுடச் சுடப் பலகையைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். தூக்கியிருந்த ஓரம் சூட்டில் கொஞ்சம் அடங்கியது போலிருந்தது; அல்லது அவள் அப்படி நினைத்துக்கொண்டாள். அண்ணன் மேஜை விளக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்தார். பசை ஆவியில் கண்ணாடி மங்க, அதை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இன்னும் குனிந்தார். பெட்டிக்குள்ளே முகத்தையே விட்டுவிடுவார் போலிருந்தது.

"அப்பா, தலை! தலையை எடுங்க! ஆறுது, ஆறுது!"

அண்ணன் சட்டென்று நிமிர்ந்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மகளின் கையில் பலகை அந்தரத்தில் நின்றது. அண்ணன் வாயை மூடிக்கொண்டு விளக்கைச் சரியாகப் பிடித்தார்.

பலகை இறங்கியது. "இப்ப! மேல ரெண்டு, கீழ ரெண்டு, மாமா இடுப்புல! ரொம்ப முறுக்காதீங்க, ஒட்டினாப் போதும்!" எட்டுக் கைகளும் ஒன்றின் மேல் ஒன்று ஏறின. தலைமையாசிரியர் மரக்கடைக்காரரின் விரலையும் சேர்த்து இறுக்கப் பார்த்தார். "அது என் கை சார், அதுக்குப் பசை வேண்டாம்." தபால் ஓரத்தில் பிதுங்கிய பசையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே வந்தாள். சுற்றி வந்து தொடங்கிய இடத்தைத் தொட்டபோது எல்லாக் கிளாம்பும் ஏறிவிட்டிருந்தன. தூக்கியிருந்த ஓரம் எங்கே என்று தேடினாள். தெரியவில்லை.

வெளியே மழை கொட்டத் தொடங்கியது.

மகள் தூரிகையை வெந்நீரில் போட்டாள். பிறகு தலைமையாசிரியர், "என் தங்கச்சி இருந்தா இப்ப என்ன சொல்லுவா?" என்றார்.

"'நாலு கிளாம்பு கோணல்'ம்பாங்க" என்றார் மரக்கடைக்காரர்.

"'யாரு இந்த வாத்தியாரை உள்ள விட்டது'ம்பா" என்றார் அண்ணன்.

முதலில் சிரித்தது தலைமையாசிரியர்தான். அவர் சிரித்துப் பார்த்தவர்கள் அந்த அறையில் யாருமில்லை; அதைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள். மகள் சிரித்துக்கொண்டே மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, உட்கார்ந்த பிறகு அழுதாள். முன்னறையிலிருந்து தையல்காரி குரல் கொடுத்தாள்: "அங்க என்ன சிரிப்பு? எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் கேக்கல, சத்தமாச் சொல்லுங்க!"

வண்டி வந்தது. மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. வாசற்படியில் அண்ணன் கால் வைத்த இடம் தப்பிப்போய்த் தடுமாற, தபால் ஓடிவந்து முழங்கையைப் பிடித்தாள்.

"கண்ணாடி எங்க அண்ணா?"

"இருக்கு."

"எங்க இருக்கு? எடுத்துட்டு வரேன்."

"பத்திரமா இருக்கு. அப்புறம் எடுத்துக்கலாம்."

அண்ணி இருந்தவரை அந்தக் கேள்வியைக் கேட்பதும், கேட்டுக்கொண்டே அதைத் தேடி எடுத்து அவர் மூக்கில் மாட்டுவதும் அண்ணியின் வேலை. தபால் முழங்கையை விடாமல் அவரைப் படியிறக்கினாள். சிவப்புச் சேலையில் அண்ணியை வண்டிக்குத் தூக்கிப் போவதை அண்ணன் தெருவில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்து நின்றார்.

"சிவப்பா ஒண்ணு போகுதே, அதானே?"

"அதான் அண்ணா."

"மங்கலாத்தான் தெரியுது" என்றார். "பரவாயில்ல."

மறுநாள் காலை மகள் கிளாம்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். மரக்கடைக்காரர் கடை திறக்காமல் நேராக இங்கே வந்திருந்தார். தலைமையாசிரியர் ஊருக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு வந்து நின்றார். கழற்றி முடித்ததும் மரக்கடைக்காரர் விளிம்பு முழுக்க நகத்தை ஓட்டிப் பார்த்தார். நகம் எங்கேயும் மாட்டவில்லை. "உட்கார்ந்திருச்சும்மா" என்றார், பெண் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி.

மகள் பெட்டியை அச்சிலிருந்து தூக்கினாள்.

கடகடவென்று உள்ளே ஏதோ உருண்டது.

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தலைமையாசிரியர் அவசரமாகச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மகள் பெட்டியைக் காதருகே வைத்து ஆட்டினாள். மறுபடி கடகட.

"என்னோடது" என்றார் அண்ணன். வாசலுக்கு வெளியே நின்றார். அனுமதி இல்லாத பழைய பழக்கம். "கண்ணாடி."

"உங்க கண்ணாடி எப்படிப்பா உள்ள போச்சு?"

"நெத்தியில இருந்தது. குனிஞ்சப்ப விழுந்துடுச்சு."

"விழுந்தது உங்களுக்குத் தெரியுமா?"

"பார்த்தேன்."

"பார்த்துட்டுச் சும்மாவா இருந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எடுத்துப் போட்டிருப்பேனே!"

"ஆறுது ஆறுதுன்னு நீ கத்தின" என்றார் அண்ணன். "கையை விட்டுத் துழாவினா பசை காஞ்சிடும். அப்புறம் அந்தப் பலகை அடுப்புக்குன்னு இவர் சொன்னாரு. கண்ணாடி வேற வாங்கிக்கலாம்."

மகள் பெட்டியை மேஜையில் வைத்தாள். விளக்கை ஒலித்துளை மேல் சாய்த்து உள்ளே பார்த்தாள். கண்ணாடியின் ஒரு கண் உள்ளிருந்து அவளைப் பார்த்தது. வளைத்த கம்பியை விட்டு இழுத்தாள். தடித்த சட்டம் துளைக்குக் குறுக்கே வந்து நின்றது. தலைகீழாகப் பிடித்தாள். கண்ணாடியின் காலை மடக்கப் பார்த்தாள். வரவில்லை. துளை ஓர் எலுமிச்சம்பழ அளவு. கண்ணாடி, தலைமையாசிரியர் சொன்னது போல, "பஸ்ஸுக்கு முன்னால மாட்டற கண்ணாடி" அளவு.

"முதுகைத் திறந்துதான் ஆகணுமோ?" என்றாள் தபால்.

"ஆவி பிடிச்சா பசை விடும்" என்றார் மரக்கடைக்காரர். "ஆனா மழை விடலையே. மறுபடி இதே மாதிரி உட்காரும்னு நான் சொல்ல மாட்டேன்."

"அதை ஏன் திறக்கணும்?" என்றார் அண்ணன். "கண்ணாடியை உடை."

"அப்பா, அது அம்மா வாங்கிக் குடுத்தது."

"ரெண்டுமே அவளோடதுதான். எது முழுசா வேணுமோ அதை வச்சுக்கிட்டு மத்ததை உடை."

மகள் நீண்ட மூக்குக் குறட்டை எடுத்தாள். துளைக்குள் விட்டு, கண்ணாடியின் நடுப்பாலத்தைக் கவ்வி, ஒரு மூச்சை அடக்கி முறித்தாள். டக். ஒரு கண் வெளியே வந்தது. பிறகு ஒரு கால். இன்னொரு கண் வரும்போது குறடு நழுவி, துளையின் விளிம்பில் அரிசி அளவு ஒரு பள்ளம் விழுந்தது. "சே!" என்றாள். கடைசித் துண்டும் வந்தது. பெட்டியைக் குலுக்கினாள். சத்தமில்லை. விரல் நுனியால் முதுகை ஒரு தட்டு தட்டினாள்.

தொம் என்றது. சின்ன அறைதான், ஆனால் அந்தச் சத்தம் உடனே போய்விடவில்லை. அண்ணன் வாசலைத் தாண்டி உள்ளே வந்து, "இன்னொரு தடவை தட்டு" என்றார்.

அன்றைக்கே தபால் காகிதத்தை எடுத்து வைத்து உட்கார்ந்தாள். எல்லாம் வரிசையாக எழுதினாள். தங்கள் வாத்தியத்தைச் செய்துகொண்டிருந்தவர் காலமானார். சொன்னபடி இந்த வாரக் கடைசிக்குள் பெட்டி மூடப்பட்டது. கழுத்தும் விரல் பலகையும் அவர் செய்து வைத்தவையே. அவற்றைப் பொருத்தித் தந்தி பூட்டும் வேலையை அவருடைய மகள் செய்வார், அவருக்கு இது முதல் வாத்தியம். அது தங்களுக்குச் சம்மதம் இல்லையென்றால் தயங்காமல் தெரிவிக்கவும்.

"பள்ளத்தைப் பத்தி எழுத வேண்டாம் அத்தை" என்றாள் மகள். "உப்புத்தாள் போட்டு வளைச்சு விட்டுடுவேன். யாருக்கும் தெரியாது."

"எழுது" என்றார் அண்ணன்.

தபால் எழுதினாள்: ஒலித்துளையின் விளிம்பில் ஒரு சிறு தழும்பு உண்டு, அவருடைய கணவரின் மூக்குக்கண்ணாடி உள்ளே விழுந்து, அதை எடுக்கும்போது ஏற்பட்டது. படித்துப் பார்த்தாள். கடிதத்தில் இதற்கு முன் இப்படி ஒரு வரி எழுதியதில்லை. ஆனாலும் நடந்ததை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல வழியில்லை.

'இப்படிக்கு' என்று எழுதி நிறுத்தினாள். கீழே இடம் காலியாக இருந்தது. சற்று நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்துவிட்டு, காகிதத்தை அண்ணன் பக்கம் நகர்த்தினாள்.

"எங்க போடணும்?"

அவர் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள். அண்ணன் நாக்கைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அது வரியை விட்டு ஏறி, ஓரக்கோட்டைத் தாண்டி, காகிதத்தின் விளிம்பில் போய் முடிந்தது. ஒரு சொல் கோணினால்கூடக் கிழித்துப் போட்டு முதலிலிருந்து எழுதுகிறவள் தபால். கடிதத்தை எடுத்து மை காயும்வரை ஆட்டினாள். மூன்றாக மடித்தாள். உறைக்குள் போட்டு, ஒட்டி, முகவரி எழுதினாள்.

தபால் பெட்டி தெருமுனையில். அண்ணனும் உடன் வந்தார்; அவரே போடுகிறேன் என்று வாங்கிக்கொண்டார். பெட்டியின் வாயைத் தடவிக் கண்டுபிடித்து உறையை உள்ளே விட்டார். பிறகு விரல்களையும் உள்ளே விட்டு இரண்டு பக்கமும் துழாவினார்.

"விழுந்துடுச்சு" என்றார்.

தபால் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் தேங்கிய இடத்தைச் சுற்றிக்கொண்டு இருவரும் நடந்தார்கள்.